எழுதாமல் விட்டது

அதிகாலை இரண்டு பத்து.
கெரிஞ்சி ஸ்டேஷனில் கடைசி ரயில் போய் வெகு நேரம்.
பதினேழாவது மாடியில் ஏர்கோனும் நானும்.
திரையில் ஒரு வரி:

கஸ்டமர்@7852e922 கிடைக்கவில்லை.

யார் அது என்றேன்.
யாரென்று கேட்டால் பதில் சொல்ல
எல்லாப் பொருளுக்கும் பிறவியிலேயே ஒரு வாய் உண்டு.
அதற்கு யாரும் சொல் கொடுக்காவிட்டால்
இனத்தின் பெயரையும் ஓர் எண்ணையும் சொல்லிவிட்டு நிற்கும்,
ரோட்பிளாக்கில் கண்ணாடியை இறக்கியவனைப் போல.

அந்தக் கஸ்டமரை எழுதியவள் நான்.
தீபாவளிக்கு முந்தின வாரம், அவசரத்தில்.
பெயர், ஐசி எண், பாலிசி, முகவரி என்று
நான்கு அறை கட்டிவிட்டு
மற்றதை மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டேன்.
மேலே இருப்பவன் கடவுள் இல்லை. ஆப்ஜெக்ட்.
அவனுக்கு மேலே யாரும் கிடையாது.
பிள்ளைகளுக்கு அவன் விட்டது நகையல்ல, நிலமல்ல,
சில பழக்கங்கள்:
பெயர் சொல்வது,
இன்னொன்றைப் பார்த்து நீயும் நானும் ஒன்றா என்று கேட்பது,
காத்திருப்பது.

கீழே இறங்கிப் பதிவுகளைப் பார்த்தேன்.
லெட்சுமணன் ஏ/எல் காத்தையா. செந்தூல் கிளை, 1989.
லக்ஷ்மணன் ஏ/எல் காதையா. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளை, 2011.
ஒரே ஐசி.
இரண்டு கிராணிகள், அவரவர் காதுக்கு எட்டியபடி.

மேலிருந்து வந்த சமம் கண்டிப்பானது.
ஒரே இடத்தில் நிற்கிறாயா, அப்படியானால் நீதான் நான்.
இல்லையா, வேறு ஆள், நகரு.
இப்படி இரட்டையானவர்களை இணைக்க
போன மாதம் அதை மாற்றி எழுதினேன்:
ஐசி ஒன்றானால் ஆள் ஒன்று.
ஹஃபிஸா பார்த்து ஓகே போட்டாள்.
அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள், பாண்டான் கேக்.
கூடவே எழுதியிருக்க வேண்டிய இன்னொன்றை
இரண்டு பேருமே மறந்தோம்,
ஒன்றானவர்கள் ஒரே டிராயருக்குப் போகவேண்டிய அந்தக் கணக்கை.
அதனால் ஒரு டிராயரில் ஆளைப் போட்டுவிட்டு
வேறொரு டிராயரில் தேடுகிறது என் நிரல்,
ஒழுங்காக, அலுப்பில்லாமல்,
மூன்று நாளாக.

மூன்று நாளாகக் கவுண்டருக்கு
கனகேஸ்வரி ஏ/பி லெட்சுமணன் வருகிறாள்,
இறப்புச் சான்றிதழோடு.
டிக்கெட்டில் வெய் லிங் எழுதியிருக்கிறாள்:
மகள் மறுபடி வந்தார். சத்தம் போடவில்லை.

ஏ/பி.
அந்தச் சாய்கோடு என் பெயரிலும் இருக்கிறது.
கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னென்ன வந்தது
என்று கேட்டால் என்னிடம் பட்டியல் இல்லை.
கோபம் வந்தால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன்.
அதை நான் எழுதவில்லை.

எல்லாப் பொருளுக்கும் காத்திருக்கத் தெரியும்.
தானாக எழுந்துகொள்ளத்தான் தெரியாது,
யாராவது தட்டவேண்டும்.
போகும்போது சொல்லிக்கொள்ளவும் ஒன்று வைத்திருந்தான் மேலே இருப்பவன்.
எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா,
எதற்கும் உத்தரவாதமில்லை.
அதை நம்பாதே என்கிறார்கள் இப்போது.
லெட்சுமணன் எந்த ஆஸ்பத்திரியில் என்று டிக்கெட்டில் இல்லை.

திருத்தம் இரண்டே வரி.
சோதனைக்கு நாற்பது நிமிடம், ஒரு மைலோ.
பிறகு, யாரும் கேட்காத ஒன்றையும் எழுத உட்கார்ந்தேன்:
யார் என்றால் பெயரைச் சொல்ல.
எந்தப் பெயரை?
கை நின்றது.
இரண்டையும் போட்டேன், நடுவில் சாய்கோடு.

நாலு ஐம்பதுக்கு லாக் ஓடியது.
அந்த இங்கிலீஷில் திணை கிடையாது.
ஆளானாலும் நாற்காலியானாலும் அதே சொல்தான்.
கீழே மாமாக் கடையில் ஷட்டர் ஏறும் சத்தம்.
லெட்சுமணன்/லக்ஷ்மணன்
கிடைத்தார் என்று படித்தேன்.